எதிராளிக்கு எவ்வளவு இடம்?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கட்டுரைக்கு உறுப்புகள் மூன்று என்று சொல்லும்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ரியூட்டரிக் குறிப்புகள் இன்னும் ஓரடி முன்னே போய், எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரை ஒன்றையும், எந்தத் தலைப்பையும் வாழ்த்தி அனுப்புகிற முடிவுரை ஒன்றையும் மனனஞ் செய்யக் கொடுத்துவிடுகின்றன. புள்ளி எடுக்க இது போதும். ஆனால் பல்லவி, அநுபல்லவி, சரணம் என்று பிரிக்கத் தெரிந்தவர் எல்லோரும் பாட்டை ரசித்தவராகிவிடார். கட்டுரையை ரசிக்க விரும்புகிறவர் முதலில் தேட வேண்டிய இடம் வேறு என்பது என் எண்ணம். எழுதுகிறவர் தமக்கு உடன்படாத ஒருவரை எங்கே உள்ளே அழைக்கிறார், அழைத்தவரை எவ்வளவு நேரம் பேச விடுகிறார், பேசி முடித்தவருக்கு எதைக் கொண்டு பதில் சொல்லுகிறார் என்பவற்றையே பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து உரைநடையை வைத்தே இதைக் காட்டலாம். அது வளர்ந்ததே வாதத்தில்.

இதற்கு வேண்டிய கலைச்சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய படிப்பில் அவை கிடக்கின்றன. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரண்டு பகுதியாக அமைந்த நூல். பரபக்கத்தில் உலோகாயதன் தொடங்கிப் பதினான்கு மதத்தார் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் அவருடைய மதம், அதன் பின்னரே மறுதலை. உலோகாயதன் தன் கட்சியைச் சொல்லி முடிக்கும் வரையில் நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார் குறுக்கே விழுவதில்லை. சில இடங்களில் அந்தக் கட்சி கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. நன்னூற் பொதுப்பாயிரம் நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்கிறது. உடன்படலும் மறுத்தலும் யாருக்கும் தெரியும். சுவையானவை வேறு இரண்டு: பிறருடைய கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் வழியே நடந்து, பிறகு அதைக் களைவது, இருவர் முரண்படும்போது ஒரு பக்கத்தைத் துணிவது. இவற்றோடு அளவை நூலார் சொல்லும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் வாசகருக்குக் கருவி போதும். இங்கே மேற்கோள் என்பது நாட்ட வந்த கருத்து. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு அந்தக் காரணம் உலகில் நிற்கிறதா என்று காட்டும் சான்று. பலவீனமான கட்டுரைகளில் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும் இருக்கும், நடுவில் உள்ள ஏது இராது. கருத்தைச் சொல்லி உடனே ஒரு கதையையோ குறளையோ வைத்துவிடுவார்கள்.

இந்தக் கருவிகள் செய்யுள் நூலுக்கென்று வகுக்கப்பட்டவை, பத்திரிகைக் கட்டுரைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டும் ஒரே கையால் வந்தன. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூல் விருத்தியுரையை 1851இல் பதிப்பித்தார். அதே காலத்தில்தான் பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் கண்டனப் பிரசுரங்களும் அவரிடமிருந்து வெளிவந்தன. மறுபுறத்தில், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, அவரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் நாவலர். அமெரிக்க மிஷன் 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வந்து, சமயச் சர்ச்சையைக் கடிதமாகவும் கட்டுரையாகவும் அச்சில் நடத்தப் பழக்கியிருந்தது. இலக்கணப் பாயிரத்தின் முறையும் மிஷன் அச்சின் முறையும் வண்ணார்பண்ணையில் ஒருவருடைய மேசையிலே சந்தித்தன. ஐரோப்பியக் குறியீடுகளை அவர் தமிழ் வசனத்தில் விடாப்பிடியாகக் கையாண்டதும் இதனால்தான் என்று கொள்ளலாம். நாவலருடைய நீண்ட வாக்கியத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அரைப்புள்ளிகளில் நின்று நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அரைப்புள்ளியும் வாதத்தின் ஒரு படி. ஒன்றை நீக்கினால் அடுத்தது நிற்காது.

1854இல் வெளியான நாவலரின் சைவதூஷண பரிகாரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் கட்டு தெளிவாகத் தெரியும். சைவர் விக்கிரகத்தை வணங்குகிறார்கள், தூபமும் தீபமும் காட்டுகிறார்கள், நிவேதனம் படைக்கிறார்கள், இவையெல்லாம் அஞ்ஞானம் என்பது மிஷனரிமாரின் கட்சி. நாவலர் இதை மறைக்கவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பொருள் பொருளாக எடுத்துக்கொள்கிறார். பதிலுக்கு அவர் கொண்டுவரும் சான்று ஆகமத்தோடு நின்றுவிடவில்லை. விவிலியத்தையே திறந்து, பழைய ஏற்பாட்டில் ஆலயத்துக்கும் பலிபீடத்துக்கும் தூபத்துக்கும் விளக்குக்கும் விதி வகுக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறார். உங்கள் வேதம் ஏற்ற கிரியை எங்களிடத்தில் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவருடைய ஏது. பிறர் மதத்தை மேற்கொண்டு களைவது என்று நன்னூல் சொன்னதற்கு இதைவிடத் துப்பரவான உதாரணம் தமிழ் உரைநடையில் அரிது. எதிராளியின் நூலை வரி வரியாக அறிந்தவருக்கே இது கைகூடும். அவர் சைவத்தை எவ்வளவு நேசித்தார் என்பதில் இந்தக் கட்டுரையின் இன்பம் இல்லை. விவிலியத்தை எவ்வளவு கவனமாக வாசித்திருந்தார் என்பதில் இருக்கிறது.

நாவலருடைய வாயோ கடுமையான வாய். வசையும் ஏளனமும் அவருடைய கண்டனங்களில் தாராளம். அப்படியானவரை எதிராளிக்கு இடங்கொடுத்தவர் என்று புகழலாமா? தொனி வேறு, கட்டமைப்பு வேறு என்பதே என் விடை. மரியாதையான தமிழில் எழுதி, மறுதரப்பின் வாதத்தை அரை வரிக்குள் நசுக்கி வைக்கிற கட்டுரைகள் எத்தனையோ. நாவலர் ஏசிக்கொண்டே அந்த வாதத்தை முழுதாக நமக்குத் தந்துவிடுகிறார். ஆனாலும் இதே அளவுகோல் அவருடைய குறையையும் காட்டிவிடுகிறது. 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையில் தம்முடைய சைவர்களையே அவர் தட்டிக் கேட்டது துணிச்சல். சாதி ஒழுங்கு என்று வரும்போதோ, அதை மறுக்கக்கூடிய ஒருவருக்கு அவருடைய பக்கங்களில் இருக்கையே இல்லை. பாதிரியாருக்கு வாய்த்த இடம் சொந்த ஊரின் ஒடுக்கப்பட்டவருக்கு வாய்க்கவில்லை. அந்த இடங்களில் உரைநடையும் சடமாகிவிடுகிறது: விதி வருகிறது, ஏது வருவதில்லை.

எல்லாக் கட்டுரையும் கண்டனமா, சிந்தனைக் கட்டுரையில் எதிராளி எங்கே என்பது அடுத்து எழக்கூடிய மறுப்பு. மட்டுவிலில் பிறந்து, திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராயிருந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையை (1899–1986) வாசித்தால் விடை கிடைக்கும். அவருடைய வாக்கியங்கள் குறுகியவை. சில மூன்று சொற்களோடு நின்றுவிடும். யாழ்ப்பாணக் கோயில்களின் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். பயன் சொல்லுகிறவர் எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துத்தான் நிறுத்துவார், திரும்பச் சொல்லுவார், கேள்வி போடுவார். யாழ்ப்பாணத்தவரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு விளக்கிய பண்டிதமணியின் எழுத்தில் அந்தச் செவி அப்படியே கேட்கிறது. இலக்கிய வழி போன்ற தொகுப்பில் அவர் வாதாடும் ஆள் பெயர் பெற்ற பகைவரல்லர். இலக்கியம் என்றால் எனக்குத் தெரியுமே என்று அவசரப்படுகிற வாசகர். அவருக்கு முதலில் தலையாட்டிவிட்டு, ஒரு சின்னக் கேள்வியால் நிற்க வைப்பார். அந்தக் கேள்வி எங்கே விழுகிறது என்று கவனிப்பதே அவரை ரசிக்கும் வழி. அடுக்குமொழியை எதிர்பார்த்துப் போகிறவர் அவரைத் தவறவிடுவார்.

1960களின் தொடக்கத்தில் புனைகதையில் பேச்சுமொழியைக் கையாள்வது பற்றி எழுந்த சண்டை வாதக்கலையை இன்னொரு கட்டத்துக்குக் கொண்டுபோனது. பண்டிதர் சிலர் அதை இழிசனர் வழக்கு என்றார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் மொழி என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை, பேச்சுமொழிக்காக வாதாடியவர்களின் கட்டுரைகளும் கட்டுக்கோப்பான எழுத்துமொழியிலேதான் இருந்தன. அந்த அணியின் முன்னணி விமர்சகர் க. கைலாசபதி (1933–1982). தமிழ் நாவல் இலக்கியம் (1968), அடியும் முடியும் (1970) ஆகிய நூல்களில் அவர் பிற ஆய்வாளர் கூற்றுகளை அடுக்கிக்கொண்டு மெதுவாக நகர்வார். சோர்வாக இருக்கிறது என்று புத்தகத்தை மூடுகிறவர்கள் உண்டு. எனினும், ஆனால், ஆயின் என்ற சொற்கள் வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வாசித்தால் அந்த அடுக்கு முழுவதும் அசையத் தொடங்கும். அதுவரை ஏற்றுக்கொண்டு வந்த கருத்தை அவர் எந்தச் சமூகக் காரணத்தால் திருப்புகிறார் என்பது அங்கேதான் வெளிப்படும். புங்குடுதீவின் மு. தளையசிங்கம் (1935–1973) அந்த அணியின் அளவுகோல்களையே எதிர்த்து ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி என்ற நூலை எழுதினார். கைலாசபதி நிதானமாகக் கட்டிய இடத்தில் இவர் வேகமாகப் பாய்கிறார். மேற்கோள் பளிச்சென்று வரும். ஏதுவை நாம் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். வேகம் சில வேளை நியாயத்தை முந்திவிடுகிறது, ஆனாலும் நன்னூல் குற்றமாகச் சொன்ன சென்று தேய்ந்திறுதலை, அதாவது பெரிதாகத் தொடங்கி வரவரத் தேய்ந்து முடிவதை, அவரிடம் காண முடியாது.

எதிராளிக்கு இடங்கொடு என்று சொன்னால் கட்டுரை சப்பென்று ஆகிவிடாதா என்ற பயத்தையும் தள்ளிவிட முடியாது. பரீட்சைத் தாள்களில் அதுதான் நடக்கிறது: கைத்தொலைபேசியின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, அளவோடு பயன்படுத்துவோம். அங்கே இரு தரப்பும் இருக்கின்றன, சந்திப்பதேயில்லை. நன்னூல் கேட்பது ஒருதலை துணிவை. இருவர் முரணினால் ஒருவர் பக்கம் துணிய வேண்டும், ஏன் துணிந்தோம் என்றும் சொல்ல வேண்டும். இடம் என்பது பாதிப் பக்கத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பதாகாது. எதிர்வாதத்தின் மிக வலுவான வடிவத்துக்கு ஒரே வாக்கியம் கிடைத்தாலும் போதும், பதில் அந்த வாக்கியத்துக்கே சொல்லப்பட வேண்டும். அதன் நோஞ்சான் தம்பிக்குச் சொல்லப்படக் கூடாது.

பழகிப் பார்க்க நூலகம் இணையத்தளத்தில் ஈழகேசரி, மல்லிகை போன்ற இதழ்களின் பழைய பிரதிகள் கிடைக்கின்றன. ஒரு சர்ச்சையைத் தெரிந்தெடுத்து, மறுப்பை முதலிலும் மறுக்கப்பட்ட கட்டுரையைப் பின்னரும் வாசியுங்கள். மறுப்பிலிருந்து எதிராளியின் கட்சி இன்னது என்று உங்கள் மனத்தில் ஒரு வடிவம் எழுந்திருக்கும். மூலக் கட்டுரை அந்த வடிவத்தோடு ஒத்துப்போனால் மறுத்தவர் நேர்மையானவர். ஒத்துப்போகாவிட்டால், எந்த வாக்கியத்தில் எதை வெட்டினார் என்று தேடுங்கள்.