காயமுற்ற ஊர்

மனத்துயரைத் தனிமனிதர் நோயெனவே கருதிப் பழகியவர்கள் நாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், 2014-இல் வெளிவந்த 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்' என்னும் தம் ஆங்கில நூலில், போராலும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் உறவும் நம்பிக்கையும் சிதைந்து, சமூகமே காயமுற்றதை விளக்குகிறார். குடும்பத்தையும் சடங்கையும் மருந்தாகக் காட்டுகிறார். ஜனாஸாவுக்கு மஹல்லாவே திரள்வதைக் கண்ட நமக்கு இக்கருத்து அயலன்று.

நெய்வேலியிலிருந்து இதைப் படிக்கையில், 1957-இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊர்விட்டுப் பெயர்ந்தோர் நம் நினைவுக்கு வருகின்றனர். போரும் தொழில்வளர்ச்சியும் ஒன்றல்ல. ஆயினும், நிலத்துக்கு விலை எழுதலாம். கலைந்துபோன அண்டை அயலுக்கு எவ்வாறு எழுதுவது? அவ்வினாவை எழுப்புவதே இந்நூலின் வலிமை. மருத்துவக் கலைச்சொற்கள் செறிந்த நடை, துயருற்றோரையே தொலைவில் நிறுத்துவது இதன் குறை.