கால்படும் வரி

நினைவுச்சின்னம் என்றாலே அண்ணாந்து பார்க்கக் கழுத்து தயாராகிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டர்மார்க்ட் சதுக்கத்தில், கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாயை ஒட்டி இருக்கும் ஹோமோமானுமென்ட்டுக்கு அந்தத் தயாரிப்பு வேண்டாம். அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. அருகே வெஸ்டர்கெர்க் தேவாலயக் கோபுரம் வானைத் தொட நிற்கிறது; சற்றுத் தள்ளி ஆன் ஃபிராங்கின் சிறிய சிலை நிற்கிறது. இது மட்டும் படுத்திருக்கிறது. அதன் மேல் நடந்துபோகிறவர்களில் பலருக்குத் தாங்கள் எதன் மேல் நடக்கிறோம் என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்கும் இடம்வைத்தே கேரின் டான் என்ற பெண் கலைஞர் இதை வடிவமைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் ஊரின் நடுவில், ஊருக்குத் தெரியாமல் வாழ்ந்த காலம் எத்தனை நீளமானது!

1987 செப்டம்பர் 5 அன்று திறக்கப்பட்ட இந்தச் சின்னம் இளஞ்சிவப்புக் கருங்கல்லால் ஆன மூன்று முக்கோணங்கள். ஒவ்வொன்றின் பக்கமும் பத்து மீட்டர். மூன்றையும் மெல்லிய இளஞ்சிவப்புக் கல்வரிசை ஒன்று இணைக்கிறது. அப்படி இணையும்போது பக்கத்துக்கு 36 மீட்டர் கொண்ட பெருமுக்கோணம் உருவாகிறது. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது முழுதாக அகப்படாது. துண்டு துண்டாகப் பார்த்து, நடந்து, மனத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் கைதிகளின் உடையில் தைக்கப்பட்ட அடையாளம் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தத் துண்டுத் துணி இங்கே ஒரு சதுக்கத்தின் அளவுக்கு விரிந்திருக்கிறது. அவமானத்துக்கென்று தைத்ததை மறைக்காமல், மாற்றாமல், அதே நிறத்திலேயே கல்லாக்கியதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

ஒரு முக்கோணம் படிப்படியாக இறங்கிக் கால்வாய் நீரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் பூ வைக்கும் இடம் அதுதான். அதன் முனை நோக்கும் திசையில் டாம் சதுக்கத்தின் தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. அந்தத் திசைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1970 மே 4, போரில் இறந்தவர்களை நாடே நினைவுகூரும் நாள். அன்று தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்கள் சிலர் டாம் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கப் போனார்கள். போலீசார் வளையத்தை அகற்றி, கொண்டுவந்தவர்களைக் கைது செய்தார்கள். முகாம்களில் இறந்த தம்மவருக்குப் பூ வைக்கத் தேசத்தின் கல்லில் இடம் கிடைக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்துத் தமக்கென்று ஒரு கல் கிடைத்தபோது, அதன் கூர்முனை அந்தப் பழைய இடத்தையே நோக்கித் திருப்பப்பட்டது. ஒரு வசைச்சொல் இல்லை. வெறும் கோணம். ஆனால் விஷயம் அறிந்தவனுக்கு அது முழு வாக்கியம்.

இரண்டாவது முக்கோணம் தரைமட்டத்தில் இருக்கிறது. ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டைப் பார்க்கிறது. அதில் ஒரு கவிதை வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. வாசிக்க வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும், கொஞ்சம் நகரவும் வேண்டும். இத்தகைய இடங்களில் நாம் எதிர்பார்க்கும் சாவு, தியாகம், மறவோம் என்ற சூளுரை எதுவும் அந்த வரியில் கிடையாது. நட்புக்கான ஏக்கத்தைச் சொல்லும் வரி அது. எழுதியவர் யாக்கோப் இஸ்ரயேல் ட ஹான். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கொல்லப்பட்டவர். முகாம்களை அறியாத ஒருவரின் வரியை இங்கே ஏன் வைத்தார்கள்? அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இதைவிடப் பொருத்தமான தேர்வு இருந்திருக்காது என்று தோன்றும்.

டிரென்டா மாகாணத்துச் சிற்றூரான ஸ்மில்டாவில் 1881 டிசம்பர் 31 அன்று பிறந்தவர் ட ஹான். பின்னாளில் கேரி வான் புருகன் என்ற பெயரில் டச்சு நாவல் உலகில் பெரிய இடம் பிடித்த அவருடைய அக்கா அதே ஆண்டு ஜனவரி 1 அன்று பிறந்தார். ஒரே ஆண்டின் முதல் நாளையும் கடைசி நாளையும் இரண்டு எழுத்தாளர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். தந்தை யூதத் தொழுகைக்கூடத்தில் வழிபாட்டுப் பாடகர். வீட்டில் வறுமை, பிள்ளைகளோ பலர். தம்பி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து பள்ளி ஆசிரியரானார். ஹெட் ஃபோல்க் என்ற சோஷலிச நாளிதழில் குழந்தைகளுக்கான பகுதியையும் கவனித்துக்கொண்டார்.

1904இல், இருபத்திரண்டு வயதில், 'பைபலைன்ச்சஸ்' என்ற நாவலை வெளியிட்டார். நகரின் டி பைப் பகுதியில் மலிவான வாடகை அறைகளில் சேர்ந்து வாழும் யோப், சாம் என்ற இரண்டு இளைஞர்களின் கதை. இந்த நாவலில் நான் வியப்பது அதன் துணிச்சலைக் காட்டிலும் அதன் சாதாரணத்தை. வீட்டுக்காரி இருக்கிறாள். அறை மாறுகிறார்கள். காசு கைக்கு எட்டுவதில்லை. இடையிடையே ஆம்ஸ்டர்டாமின் ஈரமும் இருட்டும். இருவருக்கும் நடுவே உள்ள காதலும், அதனுள் கலந்த கொடுமையும், இந்த அன்றாடத்துக்குள்ளேயே நடக்கின்றன. அக்காலத்தில் இத்தகைய உறவைப் பற்றி யாராவது எழுதினால் ஒன்று நோயாக எழுதுவார்கள், இல்லையென்றால் கிரேக்கப் பழங்கதையின் மறைவில் எழுதுவார்கள். ட ஹான் அதை ஒரு தெருவில், ஒரு மாடியறையில், வாடகைப் பாக்கியோடு வைத்தார். படித்தவர்களுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பழங்கதையைத் தள்ளிவைத்துவிடலாம், பக்கத்துத் தெருவை எப்படித் தள்ளிவைப்பது?

நாவலை அவர் ஆர்னால்ட் அலெட்ரினோவுக்குச் சமர்ப்பித்திருந்தார். மருத்துவரும் எழுத்தாளருமான அலெட்ரினோ, 1901இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய குற்றவியல் மானுடவியல் மாநாட்டில், தன்பாலீர்ப்பு நல்ல உடல்நலமுள்ளவர்களிடமும் காணப்படும் ஒன்று என்று வாதாடியவர். மேடையில் அவ்வளவு தைரியம் காட்டிய அவரே, சாம் என்ற பாத்திரத்தில் ஊரார் தன்னை அடையாளம் காண்பார்கள் என்று கண்டதும் நடுங்கிப்போனார். அவரும் ட ஹானுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணான மருத்துவர் யோஹன்னா வான் மார்செவேனும் சேர்ந்து, அச்சான பிரதிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்கி, கடைக்குப் போகாமல் செய்துவிட்டார்கள். ட ஹானின் நாளிதழ் வேலை போனது. பள்ளி வேலையும் போனது. சமர்ப்பணத்தை எடுத்துவிட்டு, பெயர்களை மாற்றி, அதே ஆண்டில் இன்னொரு பதிப்பு வந்தது. போன வேலைகள் திரும்பவில்லை. அலெட்ரினோவை இதற்காக இகழ எனக்கு மனம் வரவில்லை. பொதுவில் ஒரு கருத்தைக் காப்பது வேறு, தன் பெயர் தெருவில் அடிபடுவது வேறு. அந்த இடைவெளியில்தான் அன்று எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள்.

ட ஹான் ஓயவில்லை. 1908இல் 'பத்தோலோகியேன்' என்ற இன்னொரு நாவலை எழுதினார். சட்டம் படித்தார். ரஷ்யச் சிறைகளுக்குப் போய் அரசியல் கைதிகளின் நிலையைப் பார்த்து எழுதினார். 1916இல் சட்டத்தின் மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்: சட்டத்தில் ஒரு சொல் எதைத் தாங்குகிறது, எதைத் தாங்காமல் நழுவவிடுகிறது என்பதே அவர் ஆய்வு. சொல்லை இப்படி எடைபோட்டவர் வாழ்ந்த நாட்டில்தான் 1911இல் 248பிஸ் என்ற சட்டப்பிரிவு வந்தது. ஆண் பெண் உறவுக்குப் பதினாறு வயது போதும் என்றிருக்க, ஒரே பாலினத்தவருக்கு மட்டும் இருபத்தொன்று என்று அது வேலி போட்டது. அந்த வேலியை எடுக்க 1971 வரை ஆயிற்று.

1919இல் சியோனியக் கனவோடு எருசலேம் போனார். அங்கிருந்து டச்சு நாளிதழுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், சில ஆண்டுகளில் சியோனியத்தை விட்டு விலகி, தீவிர மரபுவழி யூதர்களின் பக்கம் நின்று பேசத் தொடங்கினார். அரபுத் தலைவர்களோடும் பேச்சு நடத்தினார். 1924 ஜூன் 30 அன்று மாலைத் தொழுகை முடிந்து வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது ஹகானா என்ற யூத ஆயுத அமைப்பு. வயது நாற்பத்திரண்டு. அவர் விட்டுச்சென்ற நான்கடிப் பாடல்களின் பெருந்தொகுப்பு அந்த ஆண்டே நூலாக வந்தது. எருசலேமில் இருந்துகொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு ஏங்கும் பாடல்கள் அவருடையவை. ஒரே பாடலுக்குள் இறைவனும் உடலின் ஆசையும் ஒன்றை ஒன்று விடாமல் பற்றியிருக்கும். பக்தி மரபில் தோய்ந்த நம் காதுக்கு அந்தப் பிடி அந்நியமாகப் படாது.

கல்லில் உள்ள வரிக்கு வருகிறேன். அது ஓர் இளம் மீனவனை விளித்து எழுதிய கவிதையிலிருந்து எடுத்தது. கவிதைக்குள் இருக்கும்போது அந்த ஏக்கம் ஒருவனுக்கானது. அங்கிருந்து தனியே எடுத்துக் கல்லில் வைத்ததும், மீனவன் மறைந்துவிடுகிறான். யார் குனிந்து படிக்கிறார்களோ அவர்களுக்கான ஏக்கமாகிவிடுகிறது. ஆனாலும் மீனவன் முழுக்கப் போய்விடவில்லை. சில எட்டுகளில் நீர் இருக்கிறது, கீழே இறங்கும் படிகளும் இருக்கின்றன. கவிதையை அறிந்தவர் அந்த நீரைப் பார்க்காமல் வரியைப் படிக்க முடியாது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ தானாக அமைந்ததோ, இந்தச் சின்னத்திலேயே எனக்கு மிக நுட்பமாகப் படும் இடம் இதுதான். ஒருவர் எழுதிய நாவலைப் பிரதி பிரதியாக வாங்கி மறைத்த நகரம், அவருடைய ஒற்றை வரியைத் தெருவில் போட்டு எல்லோரையும் அதன் மேல் நடக்கவைத்திருக்கிறது. கால்படுவது அவமரியாதை என்று வளர்ந்த எனக்கு முதலில் உறுத்தியது. ஆனால் கடையில் வைக்கக்கூட விடாத எழுத்துக்கு, மழையும் மிதியடியும் படுகிற இடமே பெரிய வீடு.

மூன்றாவது முக்கோணம் தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உட்காரத் தோதான உயரம். அதன் முனை ரோசன்ஸ்டிராட் தெருவில் அப்போது இருந்த சி.ஓ.சி. அலுவலகத்தை நோக்கியது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்காக 1946இல் ஷேக்ஸ்பியர் கிளப் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அது. அதன் வேர் 1940இல் தொடங்கிய 'லேவன்ஸ்ரெக்ட்' என்ற சிறுபத்திரிகையில் இருக்கிறது. ஜெர்மானியப் படை உள்ளே வந்த அந்த மே மாதமே பத்திரிகை நின்றுபோனது. நடத்தியவர்கள் போர் முடிந்ததும் மறுபடி கூடினார்கள். இலக்கியத்திலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1948இல் ஆனா பிளாமன் தன் நாவலில் ஒரு பெண்ணின் பெண் காதலை எழுதி வசவு வாங்கி, 1956இல் பே.சே. ஹோஃப்ட் இலக்கியப் பரிசையும் வாங்கினார். ஹெரார்ட் ரேவ தன் நூலில் கடவுளைக் கழுதையுருவில் கண்டு காதலித்ததற்காக மத நிந்தனை வழக்கில் நிறுத்தப்பட்டு, 1968இல் உச்ச நீதிமன்றம் வரை வென்று, அதே ஆண்டுக்கான ஹோஃப்ட் பரிசைப் பெற்றார்.

எதிர்காலத்துக்கென்று வைத்த இந்த உயர்ந்த கல்லில் விழா நாட்களில் ஆடுகிறார்கள். மே 4 அன்று நீர்ப்படிகளில் பூ வைத்தவர்கள், விடுதலை நாளான மே 5 அன்று இந்தச் சதுக்கத்தில் இசையோடு கூடுகிறார்கள். நினைவிடத்தில் ஆட்டமா என்று கேட்பவர்களுக்கு, கல்லின் உயரத்தைப் பார்க்கச் சொல்வேன். அறுபது சென்டிமீட்டரில் ஒரு மேடையைக் கட்டிவிட்டு, யாரும் ஏறக்கூடாது என்று எந்தக் கலைஞரும் நினைத்திருக்க மாட்டார்.