இருபது வருடக் கையெழுத்து

ஸ்கார்பரோவில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் அடிக்கடி பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடந்தே திரும்புவார், பனி கொட்டினாலும் நடைதான். "பஸ்ல வரலாமேம்மா" என்று ஒருநாள் கேட்டேன். "கார்டிலை காசு முடிஞ்சா மகனிட்டைத்தான் கேக்கோணும் தம்பி. ஒவ்வொருக்காலும் கேக்கிறது வடிவில்லை" என்றார்.

அந்த மகன் மோசமானவர் இல்லை. எனக்குத் தெரிந்தவர்தான், இரண்டு வேலை பார்க்கிறார். கேட்டால் உடனே கொடுப்பார். கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அது அந்த வீட்டோடு நிற்கிற விஷயமா, இல்லை சட்டமே அப்படி எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கனடாவில் பெற்றோரை ஸ்பான்சர் செய்யும்போது பிள்ளை ஒரு பொறுப்பேற்பில் கையெழுத்துப் போடுகிறார். உணவு, உடை, இருப்பிடம், அரசு மருத்துவத்தில் அடங்காத பல், கண் போன்ற செலவுகள் எல்லாம் என் பொறுப்பு என்று. முன்பு இது 10 வருடம். 2014-இலிருந்து, க்யூபெக் தவிர மற்ற இடங்களில், 20 வருடம். இடையில் பெற்றோர் அரசின் சமூக உதவித்தொகை வாங்கினால் அது பிள்ளையின் கடனாகிவிடும். இதை எதிர்த்து ஒன்டாரியோவைச் சேர்ந்த எட்டு ஸ்பான்சர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் மாவி வழக்கில் உச்ச நீதிமன்றம், வசூலைக் கொஞ்சம் தள்ளிப்போட அரசுக்கு இடமுண்டு, கடனை அப்படியே தள்ளுபடி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, ஒரு அம்மா உதவி கேட்டு அலுவலகப் படி ஏறினால், மகன் தலையில் கடனை ஏற்றிவிட்டுத்தான் இறங்க முடியும். எந்த அம்மா ஏறுவார்?

அடுத்தது ஓய்வூதியம். 68 வயதில் வரும் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டேன். முதியோர் ஓய்வூதியத்துக்குக் கனடாவில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கு 40 வருடம். எனவே 78 வயதில் அவருக்குக் கிடைப்பது கால் பங்கு. வருமானம் குறைந்த முதியவர்களைத் தாங்கிப் பிடிப்பது இதற்கு மேல் வரும் ஜிஐஎஸ் என்கிற வருமான உத்தரவாதத் தொகை. கால் பங்கு வாங்குபவருக்கு மிச்சத்தை நிரப்பித் தருவதும் அதுதான். ஆனால் ஸ்பான்சர் காலம் முடியும்வரை அது கிடையாது. அந்தத் தடை முன்பு 10 வருடத்தோடு முடிந்தது, 2017-இலிருந்து பொறுப்பேற்புக் காலம் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். 68 வயதில் வந்தவருக்கு அந்தக் கதவு திறக்கும்போது வயது 88.

விதிவிலக்கு உண்டு. ஸ்பான்சர் இறந்துவிட்டால், திவாலானால், ஆறு மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால், அல்லது அந்தப் பெற்றோர் சம்பந்தமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் தடை விலகும். கடைசியை இரண்டு முறை படித்தேன். மகன் கொடுமைப்படுத்துகிறான் என்றால் மட்டும் போதாது, அவனைக் கோர்ட்டில் குற்றவாளி என்று நிரூபித்தாக வேண்டும். நம்ம ஊர் அம்மாவை விடுங்கள், உலகத்தில் எந்த ஊர் அம்மா அதைச் செய்வார்?

அரசு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இவர்கள் இங்கே உழைத்து வரி கட்டியவர்கள் இல்லை, பிள்ளையும் விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார் என்பார்கள். பதிலுக்கு, பேரப்பிள்ளைகளை இவர்கள் பார்த்துக்கொள்வதால்தான் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போய் வரி கட்ட முடிகிறது என்று சொல்லலாம். ஆனால் யார் காசு கொடுப்பது என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அந்த அம்மாவுக்கு வேண்டிய எல்லாமே ஒரே ஒரு ஆள் வழியாகத்தான் வரும் என்று அமைத்திருக்கிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறேன். மென்பொருளில் இப்படி ஒரே இடத்தை நம்பிக் கட்டினால், அது விழுந்தால் என்ன செய்வாய் என்று முதல் கூட்டத்திலேயே கேட்பார்கள். இங்கே அதை யாரும் கேட்கவில்லை.

சரி, மொழி கற்றுக்கொண்டு தன் காலில் நிற்கலாமே? மத்திய அரசின் லிங்க் வகுப்பு இலவசம். ஆனால் அது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும்தான். இதில் ஒரு வேடிக்கை. 55 வயதுக்கு மேல் குடியுரிமை வாங்க மொழித் தேர்வு கிடையாது. இரக்கம்தான். ஆனால் குடியுரிமை வாங்கிய மறுநாளே லிங்க் வகுப்புக்கான தகுதி போய்விடும். பிறகு மாகாணம் நடத்தும் வகுப்பைத் தேடிப் போக வேண்டும். சூப்பர் விசாவில் வருபவர்கள் நிலை இன்னும் மோசம். 2022-இலிருந்து அவர்கள் ஒரே மூச்சில் ஐந்து வருடம் வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் இருந்தாலும் கணக்கில் விருந்தாளிதான், குடியமர்வுச் சேவை எதுவும் கிடையாது.

என் அம்மா அந்த விசாவில் வந்தவர். பக்கத்து நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில உரையாடல் வட்டத்துக்கு மட்டும் போய் வந்தார். அங்கே யாரும் விசா கேட்கவில்லை. மூன்று மாதத்தில் மருந்துக்கடையில் தானே பேசி மாத்திரை வாங்கினார். வேலைக்குப் போகிறவர்களுக்கான பாடம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. டாக்டர், பஸ், வங்கி, ஆபத்துக்கு 911, இந்த நாலுக்கும் ஆங்கிலம் தெரிந்தால் போதும்.

இதில் நம் பக்கக் குற்றமும் இருக்கிறது. "வெள்ளைக்காரன் மாதிரி இல்ல, நாங்க அப்பா அம்மாவைக் கூட வச்சுப் பாத்துக்குவோம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையும் அரசின் இருபது வருடக் கையெழுத்தும் சொல்வது ஒன்றையேதான்: பிள்ளை பார்த்துக்கொள்வான். அம்மாவின் பாஸ்போர்ட்டை "பத்திரமா இருக்கட்டும்" என்று என் டிராயரில்தான் வைத்திருந்தேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் அதை அக்கறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்புக்காகப் படித்தபோதுதான் உறைத்தது.

எனக்குத் தோன்றுகிற திருத்தங்கள் மூன்று. ஜிஐஎஸ் தடையைப் பழையபடி 10 வருடத்தோடு நிறுத்த வேண்டும். கொடுமை நடந்ததா என்பதற்குக் கோர்ட் தண்டனைக்குப் பதிலாக மருத்துவர் அல்லது சமூகப் பணியாளரின் அறிக்கையை ஏற்க வேண்டும். நீண்டகாலம் தங்கும் பெற்றோருக்கும் மொழி வகுப்பைத் திறந்துவிட வேண்டும்.

நாம் செய்யக்கூடியதற்குச் சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை. அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அவர் கையில் அவர் பாஸ்போர்ட், மாதாமாதம் தானாகக் காசு ஏறும் பஸ் கார்டு.

அந்த மகனிடம் சட்டம் எதுவும் பேசவில்லை. கார்டில் தானாகக் காசு ஏறும்படி வைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "அட, இது தெரியாமப் போச்சே" என்று அங்கேயே போனை எடுத்துச் செய்தார். நல்ல மகன் இருக்கிற வீட்டில் ஐந்து நிமிட வேலை. சட்டம் தேவைப்படுவது மற்ற வீடுகளுக்கு.