துணியைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, நம் மன்றத்தில் வழங்கும் கைத்தையல் மரபுகளைப் பற்றி நாலு பக்கம். நாலு பக்கத்தில் அடங்குகிற விஷயமா இது என்றேன். அடக்குங்கள் என்றார் தலைவர் அம்மா. அவர் சொல்லைத் தட்டியவர்கள் மன்றத்தில் யாரும் கிடையாது. ஊசியில் நூல் கோக்கிறதிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. இந்த மலரைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் விரலில் குத்துப்பட்டவர்கள்தான்.

நம்மிடையே வழிகள் நாலு என்பது என் கணக்கு: நாகர்கோவில் வழி, கான்வென்ட் வழி, பரீட்சை வழி, பத்திரிகை வழி. அவரவர் எந்த வழி என்பது அவரவருக்குத் தெரியும். ஒருவர் ஃப்ரேமைக் கையில் எடுக்கிற விதத்தைப் பார்த்தே எனக்கும் தெரியும்.

பரீட்சை வழிக்காரர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்றத்தில் அவர்களே அதிகம். நீடில் வொர்க் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதி, தையல் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வெள்ளைத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தையல் போட்டு ஒட்டிய சாம்பிள் ஆல்பம் இன்னமும் அவர்கள் பீரோவில் இருக்கும். எந்தத் தையலுக்கு என்ன பெயர் என்பதில் அவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தைக்கப் பழகியவர்கள் என்பதால் கை வேகம். வேகம் போதும் என்று அவர்களுக்குத் தோன்றுவது உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கான்வென்ட் வழியின் பெருமை நிறத்தில். ரோஜா இதழ் ஒன்றுக்குள் வெளிறிய ரோஸிலிருந்து அடர் ரோஸ் வரை, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாதபடி லாங் அண்ட் ஷார்ட் போடுவார்கள். புல்லியன் நாட் என்றால் அவர்கள் போட வேண்டும். தெரேஸ் த தில்மோன் 1886-இல் கொண்டுவந்த ஊசிவேலைக் கலைக்களஞ்சியம்தான் அவர்களுக்கு இலக்கணம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அதற்கு அட்டை போட்டுப் பூஜைப் புத்தகம்போல் வைத்திருக்கிறார். இரவல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பத்திரிகை வழியை மற்ற மூவரும் சற்றுக் குறைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. குறுக்குத் தையல் நம் வீடுகளுக்குள் பரவியது பெண்கள் பத்திரிகைகளில் வந்த கிராஃப் கட்டங்கள் வழியாகத்தான். மேட்டி துணி ஒரு மீட்டர், ஆங்கர் நூல் பத்துப் பதினைந்து கண்டு, கட்டம் போட்ட பக்கம் ஒன்று. படிக்கவில்லை, பரீட்சை எழுதவில்லை, டீச்சர் இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஜோடிக் கிளி, நாய்க்குட்டி, புல்லாங்குழல் கிருஷ்ணன், டி.வி.க்கு ஒரு உறை, ஃபிரிட்ஜ் தலைமேல் ஒரு விரிப்பு என்று கொலு பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கிளிகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், மத்தியானம் சமையல்கட்டை ஒழித்துவிட்டுக் கூடத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ‘பச்சை ஏழு, மஞ்சள் மூன்று, ஒன்று விட்டு மறுபடி பச்சை’ என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்த சுகத்தை அறியாதவர்கள். எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில் வேறு கவலை உள்ளே வராது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை தப்பிவிடும் என்பது வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட நியாயம். பெண்ணுக்கு அந்தச் சலுகை வேறெதற்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. நூல் எண்களை வைத்தே பேசிக்கொள்கிறவர்கள் இவர்கள். 403 என்றால் கறுப்பு, 46 என்றால் சிவப்பு. கடைக்காரர் பெட்டியைத் திறக்கும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

இனி நாகர்கோவில் வழி. என் வழி என்பதால் கொஞ்சம் நீளும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. எம்பிராய்டரி பிறகு அதோடு சேர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம். 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று அந்தப் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே ஊசிவேலை பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். விற்கப் போகிற சரக்கு. கப்பலேறி வெள்ளைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகும், வெந்நீரில் துவைபடும், சூடான இஸ்திரி ஏறும். முடிச்சுப் போட்டால் இஸ்திரியில் மேடு தெரியும். நுனியை ஒழுங்காகப் புதைக்காவிட்டால் இரண்டு சலவையில் பிரியும். கைக்குட்டையில் முன்புறம், பின்புறம் என்று ஏது? நாகர்கோவில்காரர்களின் கண்டிப்பெல்லாம் இங்கிருந்து வந்ததுதான்.

பெரிய டீச்சர் அந்தப் பரம்பரையில் கற்றுக்கொண்டவர். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரை அறியாத மூத்த உறுப்பினர் இல்லை. இளையவர்கள் எங்கள் வாயால் கேட்டிருப்பார்கள். அவர் உயிர் வெள்ளையின்மேல் வெள்ளை. மெல்லிய துணியில் இழை உருவி, மிச்ச இழைகளை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டுகிற வேலை. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று ஊசியைத் தொடக்கூடாது. சீயக்காய் போட்டாலும் விரல் நுனியில் எண்ணெய் நிற்கும் என்பார். டிசைனை டிரேசிங் பேப்பரில் ஊசியால் புள்ளி குத்தி, நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஒற்றி இறக்குவார். மஞ்சள் கார்பன் கடையில் வந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் போகக்கூடாது. நீள நூல் எடுப்பவள் சோம்பேறி. துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் மினுமினுப்பு இழந்து பஞ்சாகிவிடும். சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் தைக்கத் தொடங்கியவளுக்கு அன்றைக்குக் காப்பி கிடையாது.

குறுக்குத் தையலை அவர் மதித்தாரா என்று கேட்பார்கள். மதித்தார், தன் நிபந்தனைப்படி. முடிச்சில்லாமல் தொடங்க அவர் காட்டிய முறையைத்தான் இன்றைக்கும் நான் சொல்லித் தருகிறேன். இரட்டை நீளத்துக்கு ஒற்றை இழை எடுத்து நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஊசிக்காதில் கோக்க வேண்டும். மடிப்பு வளையமாகத் தொங்கும். கீழிருந்து ஊசியை மேலே எடுத்து, எதிர்மூலையில் இறக்கும்போது, பின்னால் நிற்கிற வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டு. மேலே விழுகிற கால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வரிசை முழுக்க அரைத் தையலாகப் போய்த் திரும்பி வருவதா, ஒவ்வொன்றையும் அங்கேயே முடித்து நகர்வதா என்று நம் மன்றத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. முன்னதை டேனிஷ் முறை என்றும் பின்னதை இங்கிலீஷ் முறை என்றும் புத்தகங்கள் சொல்லும். முன்புறத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னால் திருப்பினால் தெரியும். போய் வந்தவர் துணியில் நேர்க்கோடுகள் ஜன்னல் கம்பிபோல் வரிசையாக நிற்கும். அங்கேயே முடித்தவர் துணியில் கம்பிக்குக் கம்பி சாய்வாக ஒரு இழை ஓடும். பெரிய டீச்சர் வேலையைக் கையில் வாங்கியதும் முன்புறத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பி, சுண்டுவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுவார். நகம் எங்காவது தட்டினால், பேசாமல் கத்திரிக்கோலை எடுத்து நம் பக்கம் நகர்த்துவார்.

பின்புறம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்று கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் நம்மவர்களே என்பதால் பெயர் வேண்டாம். இந்த நாட்டின் நல்ல கைத்தையல்கள் பலவற்றுக்குப் பின்புறம்தான் உயிர். நம் நீலகிரியிலேயே தோடர்கள் வரைபடமில்லாமல் இழையை எண்ணி, கறுப்பும் சிவப்புமாகத் தங்கள் போர்வையான பூத்குளியில் தைப்பது துணியின் மறுபக்கத்திலிருந்து. நாம் பின்புறம் என்று நினைக்கிற, நூல் திரண்டு நிற்கிற பக்கத்தையே அவர்கள் முகமாகக் கொள்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தார்வாட் பக்கத்துக் கசூதியில் நாலு தையல்: கவந்தி, முர்கி, நெய்கெ, மெந்தெ. மெந்தெ நம் குறுக்குத் தையல்தான். கவந்தியும் முர்கியும் போகும்போது விட்ட இடத்தை வரும்போது நிரப்பும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், முடிச்சு கிடையாது. பஞ்சாபின் புல்காரியைக் கெட்டித் துணியின் பின்பக்கத்திலிருந்து இழை எண்ணித் தைக்கிறார்கள். சம்பா ருமாலை எந்தப் பக்கம் விரித்தாலும் அதே கிருஷ்ணன், அதே கோபியர். அவ்வளவு தூரம் போவானேன்? ஒரு காலத்தில் ஆர்கண்டிப் புடவையில் நாமெல்லாம் போட்ட ஷேடோ வொர்க்கில் பின்னால் போட்ட ஹெர்ரிங்போன் சரியாக இருந்தால்தானே முன்னால் நிழல் விழுந்தது? லக்னோ சிக்கனில் அதே வேலை இன்றும் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் நம் கண்காட்சி. முன்பெல்லாம் மேசையில் வெள்ளைத் துணி விரித்து வேலைகளை அப்படியே வைப்போம். நடுவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், திருப்புவார்கள். இப்போது எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வருகிறது. பின்னால் பலகை, பலகைமேல் பழுப்புக் காகிதம், காகிதத்தின் நாலு ஓரமும் பசை. திறந்து பார்க்க வேண்டும் என்றால் கிழிக்க வேண்டும். கிழிக்கிற நடுவரை யார் அடுத்த வருஷம் கூப்பிடுவார்கள்? சட்டத்துக்கு அழகு உண்டு, தூசி படாது, எல்லாம் சரி. ஆனால் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முதல் பரிசு கொடுக்கிறோம். சென்ற முறை பரிசு பெற்ற வேலை நன்றாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. கறுப்பு நூலை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் துணிக்கடியில் இழுத்துச் சென்றது வெள்ளை மேட்டியில் நிழலாகத் தெரிந்ததைக் கவனித்தேனா என்றால், கவனித்தேன். யார் என்று கேட்காதீர்கள்.

பின்புறத்தைக் காகிதம் மறைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. நிறத்தோடு அச்சிட்ட துணி வருகிறது. எண்ண வேண்டியதில்லை, நிறத்தின்மேல் நிறம் போட்டால் போதும். எண்ணிக்கையை எடுத்துவிட்டால் குறுக்குத் தையலில் மிச்சம் என்ன? அதற்கும் பொறுமையில்லாதவர்களுக்குப் பளபளக்கிற கல்லைக் கட்டத்தில் ஒட்டுகிற படம் வந்திருக்கிறது. அதையும் கைவேலை என்று ஒருவர் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் நல்ல மனுஷி. நுனியைப் புதைக்காமல் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற துணியைப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டத் தொடங்கியவர்கள் எங்கே நிறுத்தினார்கள்? புடவைக்கு ஃபால்ஸைக்கூட ஒட்டுகிற டேப் வந்துவிட்டதாம். பொத்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிறார்கள். ஓட்டுத்தையல் தெரியாத பெண் கல்யாணமாகிப் போகிறாள், பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று யாரும் நினைத்ததேயில்லை. முறுக்கைக் கடையில் வாங்குகிறார்கள், கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள், சம்பந்தி வீட்டில் துக்கம் என்றால் போனில் ஒரு பூப்படம் அனுப்பிக் கடமையை முடித்துவிடுகிறார்கள். எல்லாம் முன்புறம். திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மனுஷன் இப்படித்தான் ஆவான். தலைவர் அம்மா இந்தப் பத்தியைச் சுருக்கச் சொல்வார். மலர்க் குழுவினர் அச்சகத்துக்குப் போகும் வழியிலேயே சுருக்கினாலும் சுருக்குவார்கள். நான் என் கையால் சுருக்கப் போவதில்லை.

மன்றத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இத்தனை வருஷம் மாதாமாதம் பெண்கள் கூடி உட்கார இடமும் விளக்கும் காப்பியும் ஏற்பாடு செய்தவர்கள் நம் மூத்தவர்கள். புதியவர்களிலும் நல்ல கை உண்டு. சென்ற கூட்டத்தில் வந்த ஒரு பெண், கல்லூரிப் பிள்ளைதான், யூடியூப்பில் பார்த்துத் தைத்ததைப் பை நிறையக் கொண்டுவந்தாள். நான் கேட்காமலே துணியைத் திருப்பி வைத்தாள். சாய்வு இழைகளாக ஓடின; இங்கிலீஷ் முறை. என் வழி இல்லை. ஆனால் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

செயற்குழுவுக்கு நான் எழுத்தில் கொடுத்திருக்கும் யோசனை இதுதான். அடுத்த கண்காட்சிக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவரலாம், தடையில்லை. பின்பலகையைப் பசையால் ஒட்டாமல் திருகிவிடுகிற கிளிப் வைத்துக் கொண்டுவர வேண்டும். நடுவர்கள் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டிக் கொடுப்பார்கள். மதிப்பெண்ணில் பாதி பின்புறத்துக்கு. பாதி அதிகம் என்று தோன்றினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சம்மதிப்பேன், அதற்குக் கீழே இறங்க மாட்டேன். கிளிப் ரதவீதி ஹார்டுவேர் கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கிறது. அலைய முடியாதவர்கள் என்னிடம் சொன்னால் மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறேன்.