விலைபோகும் இடைவேளை

1967 சனவரி 15ஆம் நாள், அமெரிக்க உதைபந்தாட்டத்தின் முதலாவது 'சூப்பர் பவுல்' போட்டியில் இரண்டாம் பாதிக்கான தொடக்க உதை இருமுறை உதைக்கப்பட்டது. முதல் உதையின்போது என்.பி.சி. தொலைக்காட்சி விளம்பரத்திலிருந்து மீளவில்லை என்பதே காரணம். நடந்த ஆட்டம் நடவாததாயிற்று!

இத்துணை வெளிப்படையாக அன்றெனினும், நமது கிரிக்கெட் ஒளிபரப்பையும் அவ்வாதிக்கமே ஆள்கின்றது. 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியா 50 ஓவர்களில் 241 ஓட்டங்கள், இலங்கை 46.2 ஓவர்களில் 245. ஓவர்களுக்கிடையே 95 இடைவேளைகள். அணித்தலைவன் களத்தடுப்பை மாற்றுவதும் பந்துவீச்சாளனோடு கலந்துரைப்பதும் அப்பொழுதுகளிலேதான். ஆட்டத்தின் சிந்தனை நிகழும் அக்கணங்களையே தொலைக்காட்சி விலைகூறி விற்கின்றது. அவ்வாண்டுக் கிண்ணம் தாங்கிய 'வில்ஸ்' என்ற பெயரோ ஒரு சிகரெட்டின் பெயர்!

வானொலியும் வணிகத்துக்குப் புறம்பானதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை யாரறியார்? எனினும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்ற தமிழ் நேர்முக வர்ணனையாளர், களத்தைக் காணாதவனுக்கு அதன் நிலையை விளக்கியே ஆகவேண்டியிருந்தது. வந்தாறுமூலைப் பக்கத்துக் கூத்துக்களரியில் கூத்தன் பாடி ஓய, பிற்பாட்டுக்காரர் அப்பாடலை ஏந்திக்கொள்வர், அவ்வேளையும் கூத்தினுடையதே.

லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களைக் குவித்து மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்தியதை மாணவர் தடையின்றி ஒப்புவிப்பர். அர்ஜுன ரணதுங்க அவரிடம் பந்தைக் கொடுத்தது எந்நிலையில், எதனால் என்று வினவுங்கள், வகுப்பு வாய்மூடிவிடும்.