முதல் சொல்லோடு முடிந்துபோகும் ஆட்டம்

சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். வினாடி வினாக்களில் அவரைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சிவனை அவர் என்ன சொல்லித் திட்டினார்? பித்தன் என்பது விடை. புத்தூரில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஓலையோடு நுழைந்த கிழவர், மாப்பிள்ளை தனக்கு வழிவழி அடிமை என்றார். மாப்பிள்ளை அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது, மூல ஓலை வெளியே வந்தது, கிழவர் வேடத்தில் வந்த சிவன் ஜெயித்தார். ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவன் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

கதை ருசியானது, சொன்னவரும் கேட்டவரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான். அப்படி அவர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு முடிவைக் கவனியுங்கள். நான் உன் ஆள் இல்லை என்று இனி எப்படிச் சொல்வேன் என்கிறார், வழக்கில் தோற்றவர். ஏச்சு வாசலில் நிற்கிறது. ஒப்புதல் வீடு முழுக்க இருக்கிறது. நாம் மனப்பாடமாக வைத்திருப்பது வாசலை மட்டும்.

இத்தனைக்கும் கேலி என்றால் என்னவென்று தம்பிரான் தோழர் எனப்படும் இந்தச் சுந்தரரிடமே கற்கலாம். திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை போனது. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. இன்னொன்றுக்காகத் திருவாரூரில் நின்று பாடிய பதிகத்தில், கடன் கேட்டுக் கிடைக்காதவர் படியிறங்கும்போது ‘நீங்களாவது நல்லா இருங்க’ என்பாரே, அந்தத் தொனி. வாழ்த்தும் அதுதான், வசையும் அதுதான். உரிமை இருந்தால்தான் இப்படிப் பேச முடியும். நண்பர்கள் வட்டத்தில் பாட்டை வைத்து வாரிக்கொள்வதன் உயிரும் அந்த உரிமைதான். முகம் தெரியாதவரிடம் அதே கிண்டலைச் செய்தால் வெறும் வம்பு.

சொல் விளையாட்டே மேலோட்டமானது என்று நான் சொல்லவில்லை. ‘பலே பாண்டியா’ (1962) படத்தில் கண்ணதாசன் எழுதிய காய் பாட்டை எடுங்கள். அதில் எத்தனை காய் என்று எண்ணுவது சாதாரண ஆட்டம். முதல் காயின் பெயரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: காய்கறி மறைந்து, அந்தத் திக்கில் போய்க் காய் என்று நிலவுக்கு இடும் கட்டளை தெரியும். அங்கிருந்து பாட்டே திறந்துகொள்கிறது. நல்ல கேள்விக்கு அடையாளம் இதுதான். விடை சொன்ன பிறகு பாட்டை இன்னொரு தடவை கேட்கத் தோன்ற வேண்டும்.

‘பாட்டுக்குப் பாட்டு’ ஆட்டத்தை இலங்கை வானொலியிலும் பிறகு சன் டிவியிலும் பி.எச். அப்துல் ஹமீது வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். அதனால் காது தீட்டப்பட்டது, நினைவு வளர்ந்தது; மறந்துபோன பாட்டுகள் திண்ணைக்குத் திரும்பின. ஆனால் எழுத்தைப் பிடித்து ஆடும் ஆட்டத்தில் பல்லவிக்குத்தான் மவுசு. சரணத்தின் நடுவில் கவிஞர் வைத்த நல்ல வரிக்கு மதிப்பெண் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, யார் எழுதிய பாட்டு என்ற சண்டையில் இருக்கிறது. ‘கற்பகம்’ (1963) பாட்டெல்லாம் வாலி எழுதியவை. கண்ணதாசன்தான் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. கண்ணதாசனுக்குப் பாராட்டாகச் சொல்வதாகத்தான் நினைப்பு; இழப்பு வாலிக்கு. போதாக்குறைக்கு, இன்னாரோடு கோபித்துக்கொண்டு இந்த வரியை எழுதினார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை. நல்ல கதை என்றால் யாரும் சான்று கேட்பதில்லை.

முன்பு தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். மட்டமான தாள், எழுத்துப் பிழைகள். ஆனாலும் பந்தயம் கட்டியவர்கள் அதைப் புரட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள முடிந்தது. இன்று படத்தின் டைட்டில் கார்டே போனில் இருக்கிறது. நிறுத்திப் படித்தால் போதும். படிக்கத்தான் ஆளைக் காணோம். வாதத்தை நிறுத்த யாருக்கு மனசு வருகிறது?