நாற்பதாம் உறுப்புரையும் மக்கள் ஆணையும்

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ 69 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றுச் சனாதிபதியானார். 2022 யூலை 20ஆந் திகதி ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளைப் பெற்று அதே பதவிக்கு வந்தார். இரு தெரிவுகளுக்கும் இடையே இத்துணை வேறுபாடு இருந்தும், அவற்றால் கிடைத்த அதிகாரத்தில் அணுவளவு வேறுபாடும் இருக்கவில்லை. நம் அரசியல் யாப்பின் இக்குறைபாடு உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது எமது கருத்து.

அன்று எழுந்த கண்டனங்கள் பெரும்பாலும் ஆளையே சுட்டின. 2020 பொதுத்தேர்தலில் தோல்வியுற்று, தேசியப் பட்டியலில் தம் கட்சிக்குக் கிடைத்த ஒரேயோர் ஆசனத்தின் வழியே சபைக்கு வந்தவர் நாட்டின் தலைவராவதா என வினவினர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்விடத்தில் வேறெவர் அமர்ந்திருப்பினும் சட்டத்தின் கோணல் கோணலாகவே இருந்திருக்கும். ஆளைப் பற்றிய ஆரவாரத்தில் சட்டம் தப்பிக்கொண்டது.

1978ஆம் ஆண்டு யாப்பின் 40ஆம் உறுப்புரை கூறுவது இதுவே: பதவிக்காலம் முடியுமுன் சனாதிபதி பதவி வறிதாகுமாயின், பாராளுமன்றம் ஒரு மாதத்துக்குள் தன் உறுப்பினருள் ஒருவரை இரகசிய வாக்கினால், அளிக்கப்பட்ட வாக்குகளின் அறுதிப் பெரும்பான்மை கொண்டு தெரிவு செய்தல் வேண்டும், அவர் எஞ்சிய காலம் முழுவதற்கும் பதவி வகிப்பார். இடைப்பட்ட நாட்களில் பிரதமர் பதில் கடமையாற்றுவார்.

மந்திரிசபை ஆட்சிமுறையில் பிரதமரை ஆக்கும் சபையே அவரை நீக்கவும் வல்லது. சனாதிபதி ஆட்சிமுறையில் சபை அவரை எளிதில் நீக்க இயலாது. ஏனெனில் அவரை ஆக்கியவர்கள் மக்கள். இவ்விரு முறைகளுக்கும் தத்தமக்குரிய தருக்கம் உண்டு. 40ஆம் உறுப்புரையோ முதலாவதிலிருந்து தெரிவையும் இரண்டாவதிலிருந்து பாதுகாப்பையும் எடுத்து ஒட்டிவைத்துள்ளது. 2022இல் செல்லுபடியான வாக்குகள் 219. எனவே 110 பேர் சேர்ந்தால் ஒரு சனாதிபதியை ஆக்கிவிடலாம். ஆனால் அவரைப் பதவி நீக்கம் செய்ய 225 உறுப்பினருள் 150 பேரின் வாக்கு, உயர் நீதிமன்ற விசாரணைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையுமாக, இருமுறை வேண்டும். நம்பிக்கையில்லாப் பிரேரணை அவரைத் தீண்டாது. மக்களுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியவரல்லர். தம்மைத் தெரிந்த சபைக்கும் அல்லர்.

இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டது 1993இல். மே முதலாந் திகதி சனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டார். மே 7ஆந் திகதி டி. பி. விஜேதுங்க போட்டியின்றித் தெரிவானார். கலவரமோ வெற்றிடமோ ஏற்படவில்லை. ஆகவே சட்டம் நன்கே இயங்கியது எனப் பலரும் கொண்டனர். அடுத்த ஆண்டு நிகழ்ந்ததைத்தான் மறந்துவிடுகின்றோம். தம்மைத் தெரிவு செய்த அதே பாராளுமன்றத்தை அவர் 1994 யூனில் கலைத்தார். படைக்கப்பட்டவர் படைத்தோரை வீட்டுக்கு அனுப்ப, அதற்கு யாப்பில் யாதொரு தடையும் இருக்கவில்லை.

இரகசிய வாக்கைப் பற்றியும் ஒரு சொல். வாக்காளனுக்கு இரகசியம் வேண்டும். அதிகாரத்தின் அச்சுறுத்தலிலிருந்து அது அவனைக் காக்கின்றது. பிரதிநிதிக்கு அளிக்கப்படும் இரகசியமோ அவரை வாக்காளனிடமிருந்தே காக்கின்றது. 2022இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலஸ் அழகப்பெருமவை ஆதரிப்பதாக அறிவித்தது. அவருக்குக் கிடைத்தவை 82 வாக்குகள். அவற்றுள் தன் உறுப்பினரின் வாக்கு இருந்ததா என்பதை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு வாக்காளன் அறிய வழியில்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும் சனாதிபதித் தேர்தலில், எண்ணிக்கையிற் சிறிய மக்களின் வாக்குக்கும் வேட்பாளர் கையேந்த வேண்டியிருக்கின்றது. சபைக்குள் நடைபெறும் தெரிவில் அந்தப் பேரம்பேசும் வலு கட்சித் தலைமைகளின் கைக்கு மாறுகின்றது; அதற்குக் கணக்குக் காட்டும் கடமையும் இல்லை.

நம் நிறைவேற்று அதிகார முறைக்குப் பிரான்சை முன்மாதிரியாகக் காட்டுவோர் உளர். அங்கு 1958ஆம் ஆண்டு யாப்பின்படி செனற் சபைத் தலைவர் இடைக்காலப் பொறுப்பை ஏற்பார். 20 முதல் 35 நாட்களுக்குள் மக்கள் வாக்களிப்பர். அதுவரை அவர் தேசிய மன்றத்தைக் கலைக்கவோ சர்வசன வாக்கெடுப்பு நடத்தவோ இயலாது. 1974 ஏப்ரல் 2ஆந் திகதி பொம்பிடு இறந்தார். மே 5ஆந் திகதி முதற் சுற்று வாக்களிப்பு நடந்தது. வலிமைமிக்க தலைவரை அங்கிருந்து கொண்டுவந்த நாம் இக்கடிவாளத்தை அங்கேயே விட்டுவந்தோம்.

எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022 யூலையில் ஒரு மாதத்தில் தேர்தல் நடத்தியிருக்கலாம் என நாம் வாதிடவில்லை. பாராளுமன்றத் தெரிவு அன்று தவிர்க்க முடியாததாயிருந்தது. ஆனால் அத்தெரிவின் ஆயுள் 2024 செப்டெம்பர் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, நீண்டமைக்கு அந்த நெருக்கடி நியாயமாகாது. அதே ஆண்டு ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் நிறைவேறியபோதும் இத்தெரிவு முறை மாறாது நின்றது.

எனவே எஞ்சிய காலம் ஓராண்டுக்கு மேற்படுமாயின் ஆறு மாதத்துள் மக்கள் தேர்தல் நடத்தப்படுதல் வேண்டும். அதுவரை பதவியிலிருப்பவருக்குப் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இருத்தலாகாது. சபையின் அறுதிப் பெரும்பான்மை அவரை நீக்கவும் வல்லதாதல் வேண்டும். தெரிவின்போது ஒவ்வோர் உறுப்பினரும் பெயர் அழைக்கப்பட்டுப் பகிரங்கமாக வாக்களிக்க, அவ்வாக்கு ஹன்சாட்டிற் பதியப்படுதல் வேண்டும்.